உலர்ந்த இடம்

வட்டமலைத் தோட்டம்,
கொட்டகலை.
11 ஜூன் 1961

அன்புள்ள தம்பி டக்ளசுக்கு,

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். நீ கடைசியாக எழுதியது என் கல்யாணத்துக்கு. வாழ்த்து இல்லை, ஒரே வரி: "அப்பா கிளாக்கராக இருந்த தோட்டத்தில் லொறி டிரைவருக்கா வாழ்க்கைப்படுகிறீர்கள்?" அதற்கு நான் பதில் போடவில்லை. போட்டிருந்தால், அம்மா போனபின் உன்னை வளர்த்தவள் என்ற உரிமையில் வேண்டாததெல்லாம் எழுதியிருப்பேன். இன்றும் அந்தப் பதிலை எழுதப்போவதில்லை. எனக்கு ஓர் உதவி வேண்டும்.

அந்தோனிமுத்து ஓட்டும் தோட்டத்து லொறியின் முன்கண்ணாடி பெப்ரவரியில் உடைந்தது. கொழும்பு ஏஜெண்டுக்கு எழுதியாயிற்று என்கிறார் துரை. இறக்குமதிக்கு அனுமதி கிடைக்கவில்லையாம். டிரைவர் பக்கம் இப்போது வெறும் சட்டம்தான். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறார். "மழை மூஞ்சியில அடிச்சா தூக்கம் வராது டீச்சர், நல்லதுதான்" என்கிறார். கட்டிக்கொண்ட பிறகும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். முந்தாநாள் அவருடைய வலது கண் முழுக்கச் சிவந்திருந்தது.

நீ கார்க் கண்ணாடி செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். இது பழைய லொறி. கண்ணாடியில் வளைவு கிடையாது, நடுவில் சட்டம் வைத்து இரண்டு துண்டு. டிரைவர் பக்கத்துத் துண்டின் அளவுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்களை ஒட்டி வெட்டி இதோடு அனுப்புகிறேன். ஓரங்களை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

முடியாதென்றால் முடியாதென்று ஒரு வரி எழுது.

உன் அக்கா,
மார்கிரட்

*

லங்காஷயர்
2 ஜூலை 1961

அன்புள்ள அக்காவுக்கு,

பேப்பர் கிழியாமல் வந்து சேர்ந்தது. மேசையில் விரித்துப் பார்த்தேன். ஒரு மூலையில் உங்கள் பென்சில் கோடு இருந்தது. பள்ளிக்கூடத்தில் இலங்கைப் படம் வரையும்போது போடுவீர்களே, அதே மாதிரி அழுத்தாத கோடு.

அந்த ஒரு வரியைப் பற்றி என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைப் பற்றித் தெரியும். அதை எழுதுகிறேன்.

காரின் முன்கண்ணாடி ஒரு கண்ணாடி இல்லை, இரண்டு. நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். உடைந்தாலும் சில்லுகள் அந்தத் தாளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், ஓட்டுகிறவர் முகத்தில் தெறிக்காது. இந்த மூன்றையும் ஒட்டுவதற்கு வழக்கமாக அடுப்பில் வைத்து வெளியிலிருந்து சூடாக்குவார்கள். அதற்கு நேரமாகும். எங்கள் பிரிவில் புது முறை ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கிறோம். கண்ணாடியை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் வைத்து ரேடியோ அலையைச் செலுத்துவோம். கண்ணாடி அவ்வளவாகச் சுடாது. நடுவிலிருக்கும் தாள் தனக்குள்ளேயே சூடாகி ஒட்டிக்கொள்ளும். யுத்தகாலத்தில் கண்டியில் இராணுவ ரேடியோக்களைப் பழுதுபார்த்த கைக்கு இங்கே கிடைத்த வேலை இதுதான். பெரிய வால்வுகள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பரீட்சைத் துண்டுகள் எல்லாமே தட்டையானவை. உங்கள் பேப்பர் அளவுக்கு ஒன்றை வெட்டி வாங்கிவிடுவேன். ஆகஸ்டில் கப்பலேறும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எங்கள் வேலைக்கு ஈரம்தான் எமன். தாளில் துளி ஈரம் இருந்தாலும் அலை அதைப் பிடித்துக்கொள்ளும், அந்த இடம் கொதித்துக் குமிழியாகிவிடும். செய்தபிறகும் ஓரம் வழியாக ஈரம் ஏறக்கூடாது. லொறியில் மாட்டி ஓரத்துக்கு ரப்பர் கட்டும்வரை நன்றாக உலர்ந்த இடத்தில் வையுங்கள். கொட்டகலை மழையை நான் மறந்துவிடவில்லை.

தம்பி,
டக்ளஸ்

*

கொட்டகலை
15 ஒக்டோபர் 1961

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டி போன வாரம் ஸ்டேஷனுக்கு வந்தது. இரண்டு கம்பளிக்கு நடுவில் வைத்துக் கட்டியிருந்தாய். கம்பளி ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன், கோபிக்காதே.

லொறி இங்கே இல்லை. எஞ்சின் வேலைக்காகக் கண்டிக்குப் போயிருக்கிறது. தை பிறந்துதான் வருமாம். அதுவரை கண்ணாடியை எங்கே வைப்பதென்று நிறைய யோசித்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் பாசி. பெட்டிக்குள் மடித்து வைத்த சேலையில்கூடப் பூஞ்சணம். உன் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டு, தோட்டத்திலேயே உலர்ந்த இடம் எதுவோ அங்கே வைத்திருக்கிறேன். கவலைப்படாதே.

ரேடியோவைக் கொண்டு கண்ணாடி செய்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். "அப்ப காதை வச்சா பாட்டுக் கேக்குமா டீச்சர்?" என்று கேட்டார். பிறகு வெகுநேரம் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒங்க தம்பி எனக்குன்னு அனுப்பிச்சிருக்காரு" என்றார். அந்த "எனக்குன்னு" என்ற சொல்லுக்காகவே உன்னை மன்னித்துவிட்டேன்.

அக்கா

*

கொட்டகலை
9 மார்ச் 1962

தம்பி,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லொறி ஜனவரியில் திரும்பியது. கண்ணாடியை மாட்டினார். ஒரு மாதத்துக்குள் கீழ் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஏறத் தொடங்கியது. துடைத்தால் போகவில்லை, வெள்ளை உள்ளே இருந்தது. பெப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் டிரைவர் கண்ணுக்கு நேரே இரண்டு கையகலத்துக்குப் பால் ஊற்றியது போல் ஆகிவிட்டது. துரையிடம் சொன்னார். வேறு கண்ணாடி வரும்வரை ஓட்டு என்று பதில் வந்தது.

27ஆம் தேதி காலை ஆறரை மணி. பனி. தேயிலை அரைக்கும் ஸ்டோர்ப் பக்கத்து வளைவில் எதிரே சூரியன் வந்ததும் அந்த வெள்ளை முழுக்க ஒளியாகிவிட்டதாம். பேச்சியம்மா காலைப் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். கொழுந்தெடுக்கிற பெண், மாயாண்டியின் மனைவி. அவர்களுடைய மகள் லெட்சுமி என் வகுப்பில் படிக்கிறாள். பேச்சியம்மா அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

கண்ணாடி வெடித்தது, ஆனால் ஒரு சில்லுகூட உள்ளே விழவில்லை. அவர் முகத்தில் கீறல் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் அதைத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

ஹட்டன் கோர்ட்டில் வழக்கு. கவனமில்லாமல் ஓட்டி உயிர் போகக் காரணமானார் என்று. ஜெயிலுக்குப் போனால் வேலை போகும், வீடு போகும். அவருடைய பிரஜாவுரிமை மனு பத்து வருடமாக ஏதோ ஓர் ஆபீசில் கிடக்கிறது, அதுவும் போகும். கண்ணாடியில் செய்யும்போதே குறை இருந்தது என்று, அதைச் செய்த இடத்திலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஜெயில் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் வக்கீல்.

உன்னிடம்தான் கேட்க முடியும்.

அக்கா

*

லங்காஷயர்
20 மார்ச் 1962

அக்கா,

இரண்டு நாளாக வேலையில் கை ஓடவில்லை.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் அனுப்பியது நல்ல துண்டு இல்லை. அலை செலுத்தும்போது ஓரங்களில் சூடு குறையும், தகடு அதை இழுத்துக்கொள்ளும். அந்தத் துண்டின் கீழ் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சரியாக ஒட்டவில்லை. உடைத்துப் போடு என்றார் ஃபோர்மன். நான் உடைக்கவில்லை. சட்டத்துக்குள் மறைந்துவிடும் இடம்தானே, தலையில் சாக்குப் போட்டு ஓட்டுவதற்கு இது எவ்வளவோ மேல் என்று நினைத்துக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். கேட்டு வாங்கவில்லை. எடுத்து வந்தேன்.

ஆனால் அந்த விரல் நீளம் ஒரே மாதத்தில் இரண்டு கையகலம் ஆகியிருக்க முடியாது. அதுதான் புரியவில்லை. இங்கே அப்படிப்பட்ட துண்டுகள் ஒரு வருடம் ஜன்னலோரம் கிடந்திருக்கின்றன, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒட்டியதைப் பிரிக்கவும் சூடு போதும். வாரக்கணக்கில் அனலுக்குப் பக்கத்தில் இருந்தால் தாள் இளகி ஓரம் திறந்துவிடும். அப்புறம் பனியில் வைத்ததும் ஈரம் உள்ளே ஓடும். அப்போதுதான் நீங்கள் எழுதிய மாதிரி வெள்ளையாகும்.

மாட்டும்வரை அதை எங்கே வைத்திருந்தீர்கள்? இதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது. போட்டால் ஃபேக்டரிக்குத் தெரியவரும். அது வேறு விஷயம்.

டக்ளஸ்

*

கொட்டகலை
29 மார்ச் 1962

தம்பி,

வீட்டில், என் கட்டிலுக்கடியில், உன் கம்பளியில் சுற்றி வைத்திருந்தேன். பக்கத்தில் அடுப்பு இல்லை.

வழக்கு மே மாதம்.

மார்கிரட்

*

லங்காஷயர்
14 ஏப்ரல் 1962

அக்கா,

கேட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதி, ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்திட்டிருக்கிறேன். குறை செய்யும்போதே இருந்தது, அது எனக்குத் தெரியும், பார்வை மறைந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று எழுதியிருக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம்.

டக்ளஸ்

*

கொட்டகலை
2 செப்டெம்பர் 1962

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். நாலரை மாதம் எழுதாமல் இருந்தேன்.

தீர்ப்பு ஜூலையில் வந்தது. உன் கடிதத்தை நீதவான் இரண்டு தடவை படித்தாராம். ஜெயில் இல்லை. லைசென்சை ரத்துசெய்துவிட்டார்கள், இனி எந்தக் காலத்திலும் அவர் வண்டி ஓட்ட முடியாது. தோட்டத்தில் வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். அது என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன்.

தோட்டத்துக் கம்பெனியின் லண்டன் ஆபீஸ் உங்கள் ஃபேக்டரிக்கு எழுதியதாம். சாமானை எடுத்துச் சென்றதற்காக உன்னை நிறுத்திவிட்டோம் என்று பதில் வந்ததாம். சம்பள நாளன்று ஆட்கள் முன்னால் துரை இதை என்னிடம் சொன்னார். "உன் தம்பி யோக்கியன்" என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

டக்ளஸ், கண்ணாடி என் கட்டிலுக்கடியில் இருக்கவில்லை.

உலர்ந்த இடம் என்று எழுதியிருந்தாய். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் எவளும் அதைப் படித்ததும் ஓர் இடத்தைத்தான் நினைப்பாள். ஸ்டோரில் தூளைக் காயவைக்கும் அறை. வெளியில் எவ்வளவு மழை கொட்டினாலும் அங்கே சுவரைத் தொட்டால் சூடாக இருக்கும். லயத்துப் பெண்கள் கைக்குழந்தையின் துணியைக் காயவைக்க அங்கேதான் கெஞ்சி இடம் கேட்பார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கரிடம் அனுமதி வாங்கி, அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரில் நானே சாய்த்து வைத்தேன். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. வாரம் ஒரு தடவை போய்த் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருக்கும். சந்தோஷமாகத் திரும்புவேன்.

அனலைப் பற்றி நீ எழுதிய கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் படித்தேன். கரும்பலகையில் பெருக்கல் கணக்கு பாதியில் நின்றது. அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டில் என்று எழுதினேன். உண்மையை எழுதினால் நீ கையெழுத்துப் போட மாட்டாய், உனக்கு வேலை இருக்கும், அவர் உள்ளே போவார். இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுக்கிறேன் என்று தெரிந்தே செய்தேன்.

அவருக்குக் கொடுத்த வேலை அந்த அறையில்தான். அடுப்புக்கு விறகு தள்ளுகிறார். சாயந்தரம் புகை வாசனையோடு வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. அவருக்கு எதுவும் தெரியாது.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. உனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா

*

லங்காஷயர்
23 செப்டெம்பர் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

தெருக்கோடியில் ஒரு கடையில் ரேடியோ, டெலிவிஷன் பழுதுபார்க்கிறேன். ஒண்டியாளுக்குப் போதும். அதைப் பற்றி யோசிக்காதீர்கள்.

கட்டிலுக்கடியில் என்று நீங்கள் எழுதிய கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்னால் எனக்கு வேறொரு கடிதம் வந்தது. யாரிடமும் காட்ட வேண்டாம் என்று எழுதியவர் கேட்டிருந்தார். நீங்கள் எழுதியதைப் படித்தபின் அதை வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. அப்படியே பிரதி செய்கிறேன். எழுத்தை நான் திருத்தவில்லை.

"மச்சானுக்கு அந்தோனிமுத்து எழுதிக்கிறது. கண்ணாடி எங்க இருந்துச்சின்னு நீங்க கேட்டு எழுதின காயிதத்த டீச்சர் பைபிளுக்குள்ள வச்சிருந்தாங்க, எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டேன். டீச்சர் அத ஸ்டோருல அடுப்புக்கிட்ட வச்சிருந்தாங்க. நான் எடுக்கப் போயி தொட்டப்ப சுட்டிச்சி. அடி ஓரத்துல நூல் மாதிரி வெள்ள இருந்திச்சி. இத மாட்டலாமான்னு ஒரு யோசன வந்திச்சி. டீச்சர் பக்கத்துல நின்னு சிரிச்சிக்கிட்டிருந்தாங்க. நீங்க அனுப்பிச்ச சாமான். வேணாம்னு சொல்ல வாய் வரல. மாட்டினது நான், ஓட்டினது நான். டீச்சர் பேரு கோட்டுல வரப்படாது. ஒங்க பக்கம்தான் கோளாறுன்னு எழுதிருங்க மச்சான். ஏலாதுன்னா விடுங்க, நான் உள்ள போயிட்டு வந்திர்றேன். டீச்சருக்குத் தெரிய வேணாம்."

ஆக, நீங்கள் கட்டில் என்று எழுதியது பொய் என்று தெரிந்துதான் கையெழுத்திட்டேன். எதனால் வெள்ளையானது, என் விரல் நீளமா உங்கள் மூன்று மாதமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. உலர்ந்த இடம் என்று நான் எழுதியபோது ஸ்டோர் எனக்கு ஞாபகம் வரவில்லை. அங்கேயே வளர்ந்தவன்.

பதினைந்து வருடத்தில் மச்சான் என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு நாள் முழுக்க அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மச்சானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பேப்பர் இன்னும் என் சுவரில் இருக்கிறது. எடுக்கத் தோன்றவில்லை.

டக்ளஸ்

*

கொட்டகலை
4 நவம்பர் 1962

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. தினமும் எதிரெதிரே சாப்பிடுகிறோம். அவர் கேட்காமலே தட்டில் இன்னொரு அகப்பை வைக்கிறேன். "போதும் டீச்சர்" என்கிறார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றியிருக்கிறோம் என்று முதலில் நினைத்தேன். அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிறகு லெட்சுமி வகுப்பில் எழுந்து வாய்ப்பாடு சொன்னாள். இந்த மூன்றில் அவள் வீடு இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

நேற்று சனிக்கிழமை. மத்தியானம் மாயாண்டியின் லயத்துக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டீச்சர், பிள்ள சரியா படிக்கலீங்களா?" என்று கேட்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் விரல் நீளம், என் அடுப்பு, அந்தோனிமுத்து பார்த்த வெள்ளை நூல், மூன்று பொய்கள். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

கத்தியைத் துணியால் துடைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"கோட்டுல எல்லாம் இங்கிலீசுல பேசினாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. வெளிய வந்ததும் தொரையோட கிளாக்கர் மட்டும் சொன்னாரு. ஒம் பொஞ்சாதி சாக்க தலையில மூடிக்கிட்டு நடு ரோட்டுல நடந்திருக்கா, வண்டி வந்தது கேக்கல, அவ மேலதான் பாதித் தப்புன்னு."

"அப்படி இல்லை மாயாண்டி. ஓரமாகத்தான் நடந்தாள்" என்றேன். அந்தோனிமுத்து அன்று காலையே என்னிடம் சொன்னது அது.

"நாலு மாசமா நான் அவளத்தான் ஏசிக்கிட்டிருக்கேன் டீச்சர். சமைக்கிறப்ப ஏசுவேன். படுக்கிறப்ப ஏசுவேன். பாத்து நடக்கத் தெரியாத சிறுக்கி, பிள்ளய இப்படி விட்டுட்டுப் போயிட்டியேன்னு. பிள்ளகிட்டயும் அதத்தான் சொல்லி வச்சிருக்கேன். ஒங்கம்மா மாதிரி கண்ணு தெரியாம நடக்காதேன்னு, தெனம், ஸ்கூலுக்குப் போறப்ப."

டக்ளஸ், லெட்சுமி ரோட்டைக் கடக்கும்போது மூன்று தடவை நின்று திரும்பிப் பார்ப்பாள். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் ஒருநாள், "என்ன லெட்சுமி, லொறி உன்னைத் தேடியா வருகிறது?" என்று கேட்டிருக்கிறேன்.

போலீஸுக்குப் போவதென்றால் நானே கூட வருகிறேன் என்றேன். அவர் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். அவள் கையில் மாவோடு வந்து நின்றாள்.

"டீச்சர் ஒங்கம்மாவப் பத்தி ஒண்ணு சொல்ல வந்திருக்காங்க. நின்னு கேளு" என்றார். என்னைப் பார்த்து, "எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. ஒண்ணும் விட வேணாம்" என்றார்.

இரண்டாம் தடவை சொன்னேன். அவளுக்குப் புரிகிற சொற்களில் சொன்னதால் இன்னும் நீளமாகியது. வகுப்பில் கேட்பது போலவே இமைக்காமல் கேட்டாள். முடித்தபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா ஓரமாத்தான் போனாங்களா டீச்சர்?"

ஆமாம் என்றேன்.

அவள் உள்ளே போய், பாதியில் விட்ட மாவைப் பிசையத் தொடங்கினாள். மாயாண்டி கத்தியை மறுபடியும் கல்லில் வைத்தார். எனக்கு அங்கே இனி வேலையில்லை என்று தெரிந்தது.

ஸ்டோர் வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும். கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே குனிந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தார். கூப்பிடப்போய், கூப்பிடாமலே வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு, இன்றே, மூன்றாம் தடவையாக அவரிடம் சொல்ல வேண்டும்.

அக்கா,
மார்கிரட்